தேக்குக் கதவை பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்தால் போதுமா?

வீட்டில் சிமென்ட் பூச்சு, டைல்ஸ் வேலை நடக்கும்போது பாலிஷ் போட்ட தேக்குக் கதவை எப்படிக் காப்பது? "கதவு, நிலை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் ஷீட்டில் இறுக்கிச் சுற்றி, பிரவுன் டேப் ஒட்டி, வேலை முடியும்வரை விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது" என்று ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். தூசிக்கு அது சரி. பாலிஷுக்குச் சரியில்லை.

பிரெஞ்ச் பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. அதற்கு ஈரம் ஆகாது. சுவரின் புதுச் சிமென்ட் பூச்சும் அதற்கு ஊற்றும் தண்ணீரும் வீட்டையே ஈரமாக்கும்போது, இறுக்கிய ஷீட்டுக்குள் அந்த ஈரம் வியர்த்து நிற்கும்; பாலிஷ் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். பி.யூ. கோட்டிங் (பாலியூரித்தேன் பூச்சு) என்றால் கொஞ்சம் தாங்கும். எது அடித்திருக்கிறது என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் பெரும்பாலும் அரக்குதான்.

பிரவுன் டேப் இன்னும் மோசம். வாரக்கணக்கில் விட்டுப் பிய்த்தால் பாலிஷும் கூடவே வரும். எங்கள் வீட்டு நிலையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மாஸ்கிங் டேப் வாங்குங்கள், அதையும் அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

நான் இப்போது செய்வது: பழைய பருத்திப் போர்வை, அதன்மேல் அட்டை, சுற்றிக் கயிறு. பூச்சு வேலை நடக்கும் நாளில் மட்டும் மேலிருந்து ஷீட்டைத் தளர்வாகத் தொங்கவிட்டு, சாயங்காலம் எடுத்துவிடுவேன்.

சிமென்ட் பால் (சிமென்ட் கரைந்த தண்ணீர்) தெறித்தால் காயவிடாதீர்கள், அதன் காரம் அரக்கைக் கரைக்கும். உடனே ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. டைல்ஸ் அறுத்த தூசியை மட்டும் துணியால் தேய்க்கவே கூடாது, கீறிவிடும். மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.