மூணு சீசன் ஆடினவர "ஓடிப்போனவன்"னு சொல்லாதீங்க

ஞாயித்துக்கிழமை நம்ம அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர் குரூப்புல நடந்தது எல்லாருக்கும் தெரியும், திரும்ப விளக்கப் போறதில்ல. ரேவன்ஸ் டீம்ல ஆடி சீக்கிரமே ரிட்டையர் ஆன ஜான் அர்ஷலப் பத்தி "மூணு வருஷத்துல பயந்து ஓடிப்போனவன்"னு குரூப்புல ஒரு அண்ணன் போட்டாரு, அதுக்குக் கீழ வரிசையா சிரிக்கிற பொம்மை. ரெண்டு நாளா மனசு ஆறல. சண்டைக்காக எழுதல. சொல்லாம இருக்க முடியல, அவ்ளோதான்.

அந்த மனுஷன் ஓடல. யோசிச்சு ஒரு முடிவு எடுத்தாரு.

2014 டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் புது வீரர்கள வரிசையா தேர்ந்தெடுக்கறதுல, அஞ்சாவது ரவுண்டு, 175ஆவது ஆளா நம்ம பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்தாங்க. கார்ட், சென்டர் ரெண்டும் ஆடினாரு, எதிராளி உள்ள வராம முன்வரிசைல நின்னு தடுக்கற இடங்கள். 40 மேட்ச், அதுல 13ல ஆரம்பத்துலேயே இறங்கினாரு. லைன்ல நிக்கிறவன் பேரு டிவில எப்ப வரும்? பெனால்டி வாங்கினா வரும். பந்து வீசற குவாட்டர்பேக் கீழ விழாம இருந்தா யாரும் அவன் பேரச் சொல்ல மாட்டாங்க. ஒவ்வொரு ஸ்னாப்புக்கும், அதாவது பந்து ஆட்டத்துக்கு வர்ற ஒவ்வொரு தடவையும், முந்நூறு பவுண்டு ஆளு ஒருத்தன் நேரா வந்து மோதுவான், முழு மேட்ச் ஆடினா அறுபது எழுபது தடவ, இதுல பிராக்டிஸ் கணக்கு சேரல.

2015 ஆகஸ்ட் டிரெயினிங் கேம்ப்ல அடிபட்டு நினைவு தப்பினாரு. அப்புறம் கொஞ்ச நாளைக்குப் பெரிய கணக்கெல்லாம் போட முடியலன்னு அவரே சொல்லியிருக்காரு. கணக்குதான் அவருக்கு உயிர். அப்படியும் திரும்பி வந்து ரெண்டு சீசன் ஆடினாரு, நடுவுல எம்ஐடிங்கிற பெரிய அமெரிக்க யுனிவர்சிட்டில கணக்குல பிஎச்டியும் ஆரம்பிச்சாரு. பயந்தவன் செய்யற வேலையா இது?

2017 ஜூலை 25, ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. என்எஃப்எல்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல ஆடி செத்துப்போன 111 வீரர்களோட மூளைய பாத்ததுல 110ல சிடிஇ, தலையில திரும்பத் திரும்ப அடிபடறதோட தொடர்புள்ள மூளை நோய். 27ஆம் தேதி அர்ஷல் ரிட்டையர் ஆனாரு. வயசு 26.

"அது குடும்பத்துக்காரங்க சந்தேகப்பட்டுக் குடுத்த மூளை, எல்லாருக்கும் அப்படின்னு சொல்ல முடியாது"ம்பீங்க. சரி, ஒத்துக்கறேன். ஆராய்ச்சி பண்ணவங்களே அதத்தான் சொன்னாங்க. அதுக்காக 110ங்கிறத மறந்துடவா?

"கேம்ப் ஆரம்பிக்கிற அன்னிக்கு டீம கைவிட்டாரே"ன்னு இன்னொருத்தர். டீம் வேணாம்னு நினைச்சா ஒரு போன்ல வீரன வெளிய அனுப்பும், அப்ப யாரும் கைவிட்டாங்கன்னு பேசறதில்ல. ஒரு வீரன் லீக்ல ஆடற காலம், வீரர்கள் சங்கம் சொல்ற சராசரியே மூணு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலதான். அர்ஷல் ஆடினது சராசரி அளவு, அவ்ளோதான்.

"அவருக்கு எம்ஐடி இருந்துச்சு, மத்தவனுக்கு என்ன இருக்கு"ன்னு ஒரு தம்பி கேட்டாரு. இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. மைக் வெப்ஸ்டர நினைச்சுப் பாருங்க. ஸ்டீலர்ஸ் டீம் சென்டர், லீக்கோட ஃபைனலான சூப்பர் பௌல் நாலு தடவ ஜெயிச்சவரு, மொத்தம் 17 சீசன். கடைசில தன்னோட டிரக்குலயே படுத்துக் கிடந்தாரு, 2002ல செத்தப்ப வயசு 50. என்எஃப்எல் வீரர்கள்ல சிடிஇ முதல்ல கண்டுபிடிச்சது அவர் மூளையிலதான். அவர் ஓடல. கடைசி வரைக்கும் நின்னாரு. அதத்தான் நீங்க எல்லாரும் கேக்கறீங்களா?

என் பையன் ஸ்கூல் டீம்ல ரைட் கார்ட்னு உங்களுக்குத் தெரியும். சேர்த்துவிட்டது நான்தான். ஊருக்கு போட்டோ அனுப்பினப்ப அப்பா தெருவெல்லாம் காட்டினாராம். போன அக்டோபர்ல பிராக்டிஸ்ல தலையில அடி. "எல்லாருக்கும் நடக்கறதுதான், ரெண்டு நாள்ல சரியாயிடும்"னு கோச் சொன்னாரு, நானும் தலையாட்டிட்டு வந்தேன். அன்னிக்கு ராத்திரி அல்ஜீப்ரா ஹோம்வொர்க். மொத நாள் கடகடன்னு போட்ட அதே மாதிரி கணக்கு. இருபது நிமிஷம் பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் "அப்பா, இது எனக்குத் தெரியும்ப்பா, ஆனா வரமாட்டேங்குது"ன்னான். அந்தக் குரல் இன்னும் என் காதுல இருக்கு. மறுநாளே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், கன்கஷன்தான், அடில மூளை குலுங்கிப் போறது. மூணு வாரத்துல தெளிஞ்சிட்டான், ஆனா அந்த இருபது நிமிஷம் எனக்கு இன்னும் தெளியல.

அர்ஷல் அதே எம்ஐடில இன்னிக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கறாரு. அவர் படத்தப் பாக்கும்போதெல்லாம் எனக்கு என் பையன் ஞாபகம்தான் வருது, அதான் அந்த வார்த்த இவ்ளோ வலிக்குது.

அடுத்த சீசனுக்கான பர்மிஷன் ஃபாரம் டேபிள்ல கிடக்கு. ஆடணும்ங்கிறான், அவங்கம்மா வேணாம்ங்கிறா. நான் இன்னும் கையெழுத்துப் போடல. அண்ணே, என் பையனும் அந்த குரூப்புல இருக்கான், உங்க மெசேஜ அவனும் படிச்சான். தயவுசெஞ்சு அத எடுத்துடுங்க.