பக்கவேரைத் தூண்டுவது சைட்டோகைனின் இல்லை

சைட்டோகைனின் ஒரு தாவர ஹார்மோன். "சைட்டோகைனின் ஊற்றினால் பக்கவேர் பெருகும்" என்று சிலர் சொல்வது தலைகீழ். அதை நம்பி யாரும் நாற்றுக்கு ஊற்றிவிடாதீர்கள். பக்கவேரைத் தூண்டுவது ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோன். ஆய்வுகளில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இது தெளிவாகவே தெரியும்: வேரின் மேல்தோலில் இல்லை, உள்ளே கடத்துதிசுவைச் சூழ்ந்த பெரிசைக்கிள் அடுக்கில், நீரைக் கடத்தும் சைலத்தை ஒட்டிய சில செல்களில்தான் தொடக்கம். அங்கே சேரும் ஆக்சின், ஐஏஏ14 என்ற தடைப்புரதம் சிதையக் காரணமாகிறது. அது அடக்கி வைத்திருந்த, மரபணுக்களை இயக்கும் ஏஆர்எஃப்7, ஏஆர்எஃப்19 புரதங்கள் விடுபடுகின்றன. அதனால் செல்கள் பிரிந்து பெருகிப் புது வேர் உருவாகிறது. ஐஏஏ14 சிதையாத சடுதிமாற்றச் செடியில் பக்கவேரே வருவதில்லை. சைட்டோகைனினோ ஆக்சினைக் கடத்தும் புரதங்களைக் குலைத்து இந்தத் தொடக்கத்தையே தடுக்கிறது. தண்டில் அது பக்கமொட்டைத் தூண்டும். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். அப்புறம், ஆக்சினும் அளவு மீறினால் முதன்மை வேரின் நீட்சியைக் குறைத்துவிடும்.