சால்மிங்குக்கு உங்கள் அனுதாபம் தேவையில்லை

நேற்றிரவு ஹொக்கி ஆட்டக்காரர் பட்டியல் ஒன்றுக்குக் கீழே நடந்த கூத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள், அப்படியே இருங்கள். "கிண்ணம் பூச்சியம், நோரிஸ் பூச்சியம், வருத்தம் வந்து செத்தவர் எண்டதுக்காக எல்லாருமாச் சேர்ந்து தூக்கி வைக்கிறீங்கள்" என்று போர்யே சால்மிங்கைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருந்தார். சுவீடனிலிருந்து வந்து, ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் ஐஸ் ஹொக்கி அணியில் டிஃபென்ஸ், அதாவது தற்காப்பு, ஆடியவர் சால்மிங். கிண்ணம் என்றது என்.எச்.எல். லீக்கின் சம்பியனுக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கிண்ணம், நோரிஸ் என்றது லீக்கின் சிறந்த டிஃபென்ஸ்காரருக்கான விருது. நான் மரியாதையாகத்தான் மறுமொழி போட்டேன். வந்த பதில்: "அங்கிள், நீங்கள் கிரிக்கெட்டோட நில்லுங்கோ."

அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் என் சொந்தக்காரரும் உண்டு. நன்றி, கண்டுகொண்டேன்.

சரி, அங்கிள் கொஞ்சம் விரிவாகவே கதைக்கிறேன்.

முதலில் இந்த அனுதாபக் கதை. சால்மிங்குக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் என்று உலகத்துக்குத் தெரிய வந்தது 2022 ஓகஸ்டில். ஹொக்கியின் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹோல் ஒஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 1996இல். சுவீடன்காரர் ஒருவர் அதற்குள் போனது அதுதான் முதல் தடவை. 2008இல் சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனம் தன் நூற்றாண்டுக்காக உலகம் முழுவதிலுமிருந்து ஆறே ஆறு பேரைத் தெரிந்தது. கோல் காப்பவராக, அதாவது கோலியாக, திரெத்தியாக், முன்னால் கிரெட்ஸ்கி, கர்லாமோவ், மகாரோவ், டிஃபென்ஸில் ஃபெதிசோவும் சால்மிங்கும். டிஃபென்ஸில் எல்லாரிலும் சிறந்தவர் என்று பலர் சொல்லும் பொபி ஓர் அதில் இல்லை, சால்மிங் இருக்கிறார். அரங்கத்துக்கு வெளியே சிலை வைத்தது 2015. அவருடைய 21ஆம் இலக்கத்தை இனி யாருமே அணியக்கூடாது என்று ஒதுக்கியது 2016. இதெல்லாம் நடந்தபோது மனிதர் நல்ல சுகத்தோடு நடமாடிக்கொண்டிருந்தார். அப்போது யார் எதற்காக அனுதாபப்பட்டார்கள்? திகதிகளைப் பார்த்துவிட்டு எழுதினால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது கிண்ணம். ஸ்டான்லி கிண்ணத்தை வெல்வது அணி. ஆட்டக்காரர் யாரை வாங்குவது, யாரை விற்பது, பயிற்சியாளராக யாரை வைப்பது என்று முடிவெடுப்பவர் சால்மிங் இல்லை. அவர் 1973இல் மேப்பிள் லீவ்ஸுக்கு வந்தபோது அணியின் முதலாளி ஹரல்ட் பலர்ட், மோசடிக்கும் திருட்டுக்கும் தண்டனை பெற்றுச் சிறை போனவர். 1979இல் ரொஜர் நீல்சன் என்ற நல்ல பயிற்சியாளரை நீக்கிவிட்டு, பிறகு திரும்பக் கூப்பிட்டு, தலையில் கடதாசிப் பையை மாட்டிக்கொண்டு அரங்கத்துக்குள் வரச் சொன்ன ஆள். பகிடி இல்லை, உண்மையாகவே சொன்னார். நீல்சன் மறுத்துவிட்டார். அதே ஆண்டு கடைசியில் நட்சத்திர ஆட்டக்காரர் லனி மக்டொனல்டை கொலராடோ அணிக்குத் தள்ளிவிட்டார்கள். கப்டன் சிட்லர் தன் சட்டையிலிருந்த கப்டன் எழுத்தைக் கிழித்தெறிந்தார், 1982இல் அவரும் போய்விட்டார். ஒவ்வொருவராகப் போக, சால்மிங் 1989 வரை நின்றார். 16 பருவங்கள். அப்படியொரு முதலாளியின் கீழ் அவ்வளவு காலம் நின்று விளையாடியவரிடம் போய் "கிண்ணம் எங்கே" என்று கேட்கிறீர்கள். பலர்டிடம் கேளுங்கள். 1990இலேயே செத்துவிட்டார் என்பதும் தெரிந்திருக்காது.

நோரிஸ் விருதுக்கு வருவோம். 1977இலும் 1980இலும் சால்மிங் இரண்டாவதாக வந்தார். இரண்டு தடவையும் எடுத்தவர் மொன்றியலின் லரி ரொபின்சன். ரொபின்சன் பெரிய ஆட்டக்காரர், மறுப்பில்லை. ஆனால் அவருக்குப் பக்கத்தில் சவார், லப்புவான்ட், 1979 வரை பின்னால் கோலில் கென் டிரைடன். அந்த அணி 1976இலிருந்து 79 வரை தொடர்ந்து கிண்ணம் எடுத்தது. மற்ற ஆண்டுகளில் நோரிஸை எடுத்தவர்கள் ஓர், பொட்வின். இப்படிப்பட்டவர்கள் இருந்த காலத்தில்தான் 1975 முதல் 1980 வரை ஒவ்வோர் ஆண்டும் லீக்கின் முதல் அல்லது இரண்டாம் நட்சத்திர அணியில் சால்மிங்கின் பெயர் இருந்தது. இன்னொன்று கேட்கிறேன். ரொறன்ரோவில் பிறந்த பிராட் பார்க் ஆறு தடவை நோரிஸில் இரண்டாவதாக வந்தவர், அவருக்கும் கிண்ணம் இல்லை. பார்க்கைப் பற்றிக் கதைக்கும்போது யாராவது "பூச்சியம், பூச்சியம்" என்று தொடங்கி நான் பார்த்ததில்லை. சுவீடன்காரர் என்றால் மட்டும் இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது?

இந்த இடத்தில் என் கதை கொஞ்சம். எண்பதுகளின் கடைசியில் இந்த நகரத்துக்கு வந்து நான் செய்த முதல் வேலை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது. சனிக்கிழமை இரவுகளில் குசினி மூலையிலிருந்த சின்ன ரீவியில் ஹொக்கி ஓடும். எனக்கு ஒரு இழவும் விளங்காது. பக் என்ற அந்தச் சின்ன ரப்பர்த் தட்டு எங்கே போகிறது என்றே தெரியாது. கிழவர் ஒருவர் அங்கே சமையல், என்னோடு அதிகம் கதைக்கமாட்டார். ஒருநாள் ரீவியைக் காட்டி, "பக்கைப் பார்க்காதே, 21ஐப் பார்" என்றார். நெற்றியிலிருந்து வாய் வரைக்கும் தழும்பு ஓடும் ஒரு நெட்டை மனிதர். 1986இல் கோல் வாசலில் விழுந்து கிடந்தபோது எதிரணிக்காரரின் ஸ்கேற் முகத்தில் ஏறி, 200க்கு மேல் தையல் போட்டது என்று கிழவர்தான் சொன்னார். எதிரணி கோலை நோக்கிப் பக்கை அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் அந்த மனிதர் உடம்பைக் குறுக்கே போட்டு விழுவார். வயது 37. அணியோ தோற்றுக்கொண்டிருக்கும். அடுத்த தடவையும் போய் விழுவார்.

நான் ஹொக்கி பழகியது அப்படித்தான். கிரிக்கெட்டோடு நில்லுங்கோ என்று சொல்லும் தம்பிக்கு அப்போது வயது என்ன? பிறந்தேயிருக்கமாட்டார்.

அவர் பட்ட அடிகளை இன்றைய பிள்ளைகள் அறியமாட்டார்கள், அது அவர்கள் குற்றமில்லை. ஆனால் அறியாமல் எழுதுவது குற்றம்தான். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, கிரூனா சுரங்கப் பக்கத்துப் பெடியன். தகப்பன் வடக்குச் சுவீடனின் பூர்வகுடியான சாமி இனத்தவர், பிள்ளைக்கு ஐந்து வயதிருக்கும்போது சுரங்க விபத்தில் செத்துப்போனார். பெடியன் வளர்ந்து பிரினேஸ் கழகத்தில் 1971, 72 என்று இரண்டு தடவை சுவீடன் சம்பியன். லீவ்ஸுக்கு ஆட்டக்காரர் தேடும் ஆள் ஜெரி மக்னமாரா வேறொரு கோலியைப் பார்க்கப் போன இடத்தில் தற்செயலாகக் கண்டது இவரை. அன்றைய ஆட்டத்தில் ரெஃபரியோடு முறுகி வெளியே அனுப்பப்பட்டிருந்தார். ஆக, சுவீடன்காரர் எல்லாரும் மென்மை என்ற கதை அன்றைக்கே பொய்.

ரொறன்ரோவில் இரண்டாவது ஆட்டமே பிலடெல்பியாவில். எழுபதுகளின் பிலடெல்பியா என்றால் ஹொக்கியோடு சேர்த்து அடிதடி. அந்த அணியின் அடிதடிக்காரர் டேவ் ஷுல்ட்ஸ் வந்து கைவைத்தார், சால்மிங் பின்வாங்கவில்லை. அதற்குப் பிறகு ஊர் ஊராக அதே கதை. முழங்கையால் அடி, ஸ்ரிக்கால் குத்து, மேலேயிருந்து "கோழைச் சுவீடன்காரன்" என்று கூச்சல். அவரோடு கூட வந்த சுவீடன்காரர் ஹமர்ஸ்ட்ரோமைப் பற்றிப் பலர்ட் சொன்னது எல்லாருக்கும் தெரியும், சட்டைப்பையில் ஆறு முட்டையோடு மூலைக்குள் போனாலும் ஒன்றும் உடையாமல் திரும்பி வருவார் என்று. தன் ஆட்டக்காரரையே முதலாளி இப்படிச் சொன்னால் எதிரணி என்ன செய்யும்? (அந்த ஹமர்ஸ்ட்ரோம்தான் பிற்காலத்தில் பீட்டர் ஃபோர்ஸ்பர்க் என்ற சுவீடன் நட்சத்திரத்தை எடுக்கச் சொன்னவர். எந்த அணிக்கு? பிலடெல்பியாவுக்கு! அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.)

"முதலில் வந்தவர் அவர் இல்லையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். தெரியும் ஐயா. ஊல்ஃப் ஸ்டெர்னர் 1965இல் நியூயோர்க்குக்கு நான்கு ஆட்டம் விளையாடினார். தொமி பெர்க்மன் 1972இல் டெட்ரொயிட்டில் இருந்தார். முதல் ஆள் என்று நான் எங்கே சொன்னேன்? வந்து, அடி வாங்கி, நின்று, 1,000 ஆட்டத்தைத் தாண்டிய, ஐரோப்பாவில் ஹொக்கி பழகிய முதல் ஆள் என்று சொன்னேன். 1,148 ஆட்டங்கள். வருவது வேறு, நிற்பது வேறு. இந்த நகரத்தில் அது விளங்காத தமிழர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கொக்கெயின் விஷயத்தையும் ஒருவர் கிளறியிருந்தார். முன்பு பாவித்ததாக அவரே பேட்டியில் ஒப்புக்கொண்டார், தடை வாங்கினார், எட்டு ஆட்டத்துக்குப் பிறகு திரும்பி வந்தார். முடிந்தது. இதற்கு மேல் எனக்கு அதில் கதையில்லை.

எண்கள்தான் வேண்டும் என்றால் எண் தருகிறேன். லீவ்ஸுக்காக 620 அசிஸ்ற், அதாவது மற்றவர் கோல் அடிக்கப் பக்கைக் கொடுத்தது. அந்த அணியின் வரலாற்றில் அதுதான் அதிகம். மறந்துவிடாதீர்கள், இவர் டிஃபென்ஸ்காரர். கோல் அடிக்கவென்றே வைத்திருந்த சிட்லர், பிற்காலத்து லீவ்ஸ் கப்டன் சுன்டின் எல்லாம் அவருக்குப் பின்னால். மிச் மார்னர் 2025இல் லீவ்ஸை விட்டுப் போனபோது 520. இன்னும் 100 வேண்டும். இந்தப் 'பூச்சியம்' அத்தனை ஆண்டாக அந்த இடத்திலேயே நிற்கிறது.

1976 கனடா கிண்ணத்தில் சால்மிங் சுவீடன் சட்டையோடு மேப்பிள் லீவ் கார்டன்ஸில் இறங்கினார். ரொறன்ரோச் சனம் எழுந்து நின்று கைதட்டியது, நிறுத்தவே இல்லை. கனடாவில், கனடாவின் ஆட்டத்தில், வேறு நாட்டுச் சட்டைக்கு! அந்தச் சனம் யாரும் அவரிடம் கிண்ணம் கேட்கவில்லை. நீ எங்கேயிருந்து வந்தாய், உனக்கு இது என்ன தெரியும் என்றும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை என்னிடம் குசினியில் வெள்ளைக்காரக் கிழவரும் கேட்கவில்லை. கேட்டது ஸ்காபரோவில் பிறந்த எங்கள் பிள்ளை, தமிழில். அவருடைய தகப்பனும் என்னைப் போல் எங்கோ கோப்பை கழுவித்தான் அவருக்கு அந்த முதல் ஸ்கேற்றை வாங்கிக் கொடுத்திருப்பார். அங்கிளுக்கு ஹொக்கி தெரியாதாம்.

2022 நவம்பரில் அவரை அழைத்து வந்து ஐஸில் நிறுத்தினார்கள். கதைக்க முடியாது. ஒரு பக்கம் சிட்லர், மறுபக்கம் சுன்டின். சிட்லர் அவருடைய கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார், தானும் அழுதுகொண்டிருந்தார். இரண்டு கிழமை ஆகமுதல், 24ஆம் திகதி, சால்மிங் போய்விட்டார். 71 வயது. அன்று நான் அழுதேன்தான். அந்த மனிதரை நான் பார்க்கத் தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேல் தம்பி, அழமாட்டேனா? அதற்கும் அவர் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"சின்னப் பெடியன், விடுங்கோ அண்ணை" என்று உள்பெட்டியில் எழுதிய உறவுக்கு: பிலடெல்பியாவில் இறங்கியபோது சால்மிங்குக்கு வயது 22. உங்கள் சின்னப் பெடியனுக்கு அதைவிட வயது கூட என்றுதான் எனக்கு ஞாபகம். பதிவை நீக்கமாட்டேன். கொமெண்ட் திறந்துதான் இருக்கிறது, வந்து கதைக்கச் சொல்லுங்கள்.