பாவம், அந்தக் கீ என்ன செய்தது?

எங்கள் மார்த்தாண்டம் பக்கத்தில் சர்ச் கொயரில் (பாடகர் குழுவில்) எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் பையன்களுக்கு ஒரு வியாதி உண்டு. சுருதி கொஞ்சம் இறங்கினால் போதும், “அண்ணே, ட்யூனிங் கீ போச்சு. லாக்கிங் கீ மாத்தினா சரியாயிருமா?” என்று வந்து நிற்பார்கள். போன வாரம் மட்டும் இரண்டு பேர். இருவரிடமும் “முதல்ல ஒரு பென்சில் வாங்கு” என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துப் போய்விட்டார்கள். அதனால்தான் இந்த நீளப் பதிவு.

கீ என்பது கிட்டாரின் தலையில் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிடி. லாக்கிங் கீ என்றால் கம்பியைக் கவ்விப் பூட்டிக்கொள்ளும் வகை. கீக்குள் இருப்பது ஒரு திருகும் ஒரு பல்சக்கரமும். பிடியைத் திருப்பினால் திருகு சக்கரத்தைச் சுழற்றும். சக்கரத்தால் திருகைச் சுழற்ற முடியாது. பெட்டியில் 15:1 என்று போட்டிருந்தால், பிடியைப் பதினைந்து தடவை சுற்றினால்தான் கம்பி சுற்றிய தண்டு ஒரு தடவை சுற்றும் என்று அர்த்தம். 10-46 செட்டின் (மிக மெல்லிய கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு தடிமன், மிகத் தடித்தது 46) ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ விசையில் கழுத்தை இழுக்கின்றன. அப்படி இழுத்தும், பல் தேயாத கீ தானாகப் பின்னால் வராது. வீணையின் மரப் பிரடை (கம்பியை முறுக்கும் ஆணி) உரசலில் பிடித்து நிற்பது, அது வழுக்கியது என்றால் நம்பலாம். (இப்போது வீணைக்கே கிட்டார் கீ போடுகிறார்கள், அது வேறு கதை.)

பிறகு சுருதி எங்கே போகிறது? பெரும்பாலும் நட்டில். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் அந்தச் சின்ன வெள்ளைப் பட்டை. பள்ளம் இறுக்கமாக இருந்தால் கம்பி அதில் மாட்டிக்கொள்ளும். கீயைத் திருப்பும்போது ஒன்றும் நடக்காது, அப்புறம் திடீரென்று ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு சுருதி தாண்டி ஏறும். அந்த ‘டிங்’ கேட்டால் கீயைத் திட்டாதீர்கள். பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிட்டு மறுபடி கம்பியைப் போடுங்கள். தேவையான சுருதிக்குக் கீழே இறக்கி, மேலே ஏற்றியே நிறுத்துங்கள். புதுக் கம்பி என்றால் கையால் நாலு தடவை மெல்ல இழுத்துவிடுங்கள். இவ்வளவும் செய்து நிற்காவிட்டால் அப்போது கீயைப் பார்க்கலாம்.

இதெல்லாம் எனக்கு ஞானம் பிறந்து தெரிந்ததல்ல, பணம் போய்த் தெரிந்தது. நாலு வருஷத்துக்கு முன் டிசம்பரில், கீத ஆராதனை நடுவில் என் மூன்றாம் கம்பி இறங்கிவிட்டது. சோப்ரானோ பக்கத்திலிருந்து வந்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மறுநாளே களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறி, ஒரு கடையில் லாக்கிங் கீ செட் வாங்கினேன். “எல்லா கிட்டாருக்கும் சேரும்” என்றார் கடைக்காரர். வீட்டில் வந்து பார்த்தால் என் ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வடிவக் கிட்டாரின் தலையில் துளை 8.5 மி.மீ., புதுக் கீக்கு வேண்டியது 10. பெரிய துளையில் சின்னக் கீ வைக்க வளையம் கிடைக்கும். சின்னத் துளையில் பெரிய கீ போக மரத்தைத்தான் எடுக்க வேண்டும். ஒருவரிடம் கொடுத்தேன். அவர் கை டிரில்லில் 10 மி.மீ. பிட்டை மாட்டி நேராக விட்டார். ஏற்கெனவே இருக்கிற துளையில் பிட் கொக்கி போலப் பிடித்து இழுக்கும். இழுத்தது. இரண்டு இடத்தில் வார்னிஷ் பெயர்ந்து வெள்ளை மரம் தெரிந்தது. இந்த வேலைக்கு ரீமர் என்று ஒன்று இருக்கிறது, கையால் மெல்லச் சுற்றிச் சுற்றித் துளையை அகலமாக்குவது.

மிச்சம் நாலு துளையையும் பக்கத்து வீட்டுத் தச்சுத் தாத்தாவிடம் கொண்டு போனேன். கிட்டாரை அவர் கையில் எடுத்ததே அன்றுதான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மக்களே, துளைக்கதுக்கு முன்னாடி அளக்கணும். துளைச்ச பொறவு அளந்து என்னத்துக்கு?” என்றார். பழைய திருகுத் துளைகளில் மூங்கில் சீவலைப் பசை தொட்டு அடைத்தார். புதுத் திருகுத் துளைக்கு ஒன்றரை மி.மீ. பிட், எவ்வளவு ஆழம் என்று பிட்டிலேயே டேப் சுற்றி அடையாளம். திருகில் கொஞ்சம் சோப்பு. மேப்பிள் மரம் கடினம், சின்னத் திருகை வறட்டுத்தனமாக இறுக்கினால் தலை முறிந்து உடம்பு உள்ளேயே நின்றுவிடும். அவருக்கு மேப்பிள் என்ற பெயர் தெரியாது, ஆனால் விரலால் தட்டிப் பார்த்தே சொன்னார்.

எல்லாம் மாட்டி ட்யூன் செய்தேன். மூன்றாம் கம்பி: ‘டிங்.’

நட்டின் பள்ளங்கள் மெல்லிய 9 செட்டுக்கு வெட்டியவை, நான் போட்டிருந்தது அதைவிடத் தடித்த 10. அவ்வளவுதான் விஷயம்.

கீயையே மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. பிடி உடைந்தால், தண்டு ஆடினால், பல் தேய்ந்து பிடி சும்மா சுற்றினால் மாற்றத்தான் வேண்டும். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய எதிரி துரு. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவம்), துலா மழை (வடகிழக்குப் பருவம்) இரண்டும் எங்களுக்கு உண்டு. தேங்காப்பட்டணம் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று கூடவே. பிரிட்ஜில் (கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் உலோகப் பகுதி), ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடிலின் சின்னத் திருகுகள்தான் முதலில் இறுகும். பலவந்தமாகத் திருப்பினால் அறுகோணக் குழி வழுவழுவென்று ஆகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். மூடிய கீக்கு எண்ணெயே வேண்டாம். தேங்காய் எண்ணெய் எதற்குமே வேண்டாம், பிசுக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். ஒருவர் விட்டிருந்தார், பார்த்திருக்கிறேன்.

பிரிட்ஜையே மாற்றுவதானால் வெர்னியரை (மில்லிமீட்டரின் பின்னம் வரை அளக்கும் அளவுகோல்) எடுங்கள். ஸ்ட்ராட் வகையில் பிரிட்ஜை மரத்தில் பிடிக்கும் ஆறு திருகுகளில் முதலாவதன் நடுவிலிருந்து ஆறாவதன் நடு வரை அளந்தால், பழைய அமெரிக்க அளவு ஏறக்குறைய 56 மி.மீ., ஆசியத் தயாரிப்புகளில் பல 52.5. படத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மரம் மெலிந்த கிட்டாரில் முழு நீள பிளாக் (பிரிட்ஜின் அடியில் மரத்துக்குள் இறங்கும் உலோகக் கட்டை) போட்டால் முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். வால்யூம் பொட்டிலும் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்பாகம்) இதே கதை: பெரிய வகைக்கு 9.5 மி.மீ. துளை, சின்னதுக்கு 7 அல்லது 8. பொட் மாற்றினால் பழைய குமிழும் சேராமல் போகலாம், பல் எண்ணிக்கை வேறு. ஐந்து பொருள் வாங்கி மூன்றைத் திருப்பி அனுப்புவதற்கு வெர்னியர் மலிவு.

அந்தப் பழைய கீ ஆறும் பிஸ்கட் டின்னில் அப்படியே கிடக்கின்றன. நல்ல நிலையில்தான் இருக்கின்றன, அதுதான் வயிற்றெரிச்சல். 8.5 மி.மீ. துளை உள்ள யாருக்காவது வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். வரும்போது துளையை அளந்துவிட்டு வாருங்கள்.