டைஃபாய்டு கதை போதும் சாமி!

'ஆயிரம் நிலவே வா' பாட்டை இனி நிம்மதியாகக் கேட்கவே விடமாட்டார்கள் போலிருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது அதைப் போட்டால் போதும், கூடவே ஒரு பாராவும் வந்து ஒட்டிக்கொள்ளும். "எஸ்.பி.பி.யின் முதல் பாட்டு! எம்.எஸ்.வி. இசை! கண்ணதாசன் வரிகள்!" ஒரே மூச்சில் மூன்று தப்பு. கும்பிடும் எமோஜி வேறு வரிசையாக.

ஐயா, இசை கே.வி. மகாதேவன். எழுதியது புலமைப்பித்தன். எஸ்.பி.பி. 1966-லேயே தெலுங்கில் பாட ஆரம்பித்துவிட்டார். தமிழிலும் 'சாந்தி நிலையம்' படத்துக்கு 'இயற்கை என்னும் இளைய கன்னி' முன்பே பதிவாகிவிட்டது. அந்தப் பாட்டுக்குத்தான் எம்.எஸ்.வி.யும் கண்ணதாசனும். 1969 மே மாதம் 'ஆயிரம் நிலவே வா' இடம்பெற்ற 'அடிமைப்பெண்' படம் முந்திக்கொண்டு திரைக்கு வந்ததில் எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. சரி, குழம்பலாம். அதற்காக எழுதியவர் பெயரையே மாற்றுவதா?

டிவி பாட்டுப் போட்டியில் இன்னும் மோசம். பிள்ளைகள் பாடி முடித்ததும் நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டைஃபாய்டு கதையை எடுப்பார். அப்போது புதுப் பையனான எஸ்.பி.பி.க்கு டைஃபாய்டு காய்ச்சல் என்றதும் எம்.ஜி.ஆர். வேறு ஆளைத் தேடாமல் காத்திருந்தார். நல்ல கதைதான், நடந்ததுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்தக் காத்திருப்பே ஒரு மெட்டுக்கும் நாலு வரிக்கும்தானே? மகாதேவன் என்று ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்? பி. சுசீலாவின் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். அந்தப் புதுப் பையனுக்குப் பக்கத்தில் நின்று, ஐம்பதுகளிலிருந்து பாடிவந்த அனுபவத்தோடு அத்தனை குழைவாகப் பாடியவர். டூயட்டை ஒருத்தர் மட்டுமா பாட முடியும்?

பாட்டுச் செயலியிலோ எம்.ஜி.ஆர். படம் பளிச்சென்று இருக்கிறது, பாடலாசிரியர் என்ற இடம் காலி. திருத்தம் அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. இடம் இன்னும் காலிதான்.

குழுவிலும் பொறுக்க முடியாமல் புலமைப்பித்தன் பெயரைப் போட்டேன். உடனே பெரியப்பா, "பாட்டை ரசிப்பா, ஆராய்ச்சி பண்ணாதே" என்கிறார். பெயர் சொன்னால் ஆராய்ச்சியாம்! கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனதற்கு வருஷக்கணக்கில் எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்காத மனுஷன் பேசுகிற பேச்சா இது?