துக்க வீட்டில் துப்பறியாதீர்கள்

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. தற்கொலை செய்துகொண்ட ஒரு பையனுக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்தச் சாவில் 'ஐந்து சந்தேகங்கள்' என்று எண் போட்டு இணையத்தில் ஒரு பதிவு எழுதி, 'உங்களால் யூகிக்க முடிகிறதா?' என்று வாசகர்களைக் கேட்டிருக்கிறார் அண்ணன், குற்றக் கதை எழுதும் மூத்த எழுத்தாளர். துக்க வீட்டில் துப்பறியாதீர்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

நானும் இருபது வருடமாகக் குற்றக் கதை எழுதுகிறவன். என் மாத நாவல் ஒன்றில் ஒரு தற்கொலை வரும். துப்பறிவாளர் கடைசி அத்தியாயத்தில் காரணத்தைச் சொல்லிவிடுவார். அதைப் படித்த ஒரு பெண்மணி எனக்குக் கடிதம் எழுதினார்: "உங்கள் ஆளுக்கு ஒரே வாரத்தில் காரணம் கிடைத்துவிட்டது. என் தம்பி போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை." அன்றைக்குப் புரிந்தது. கதைக்கு ஒரு காரணம் போதும். நிஜத்தில் நோய், கடன், தூக்கமற்ற இரவுகள், வாய்விட்டுச் சொல்லாத வேதனை எல்லாம் சேர்ந்து ஒருவரை நெருக்குகின்றன. 'தீராத வயிற்றுவலி' என்று நாளிதழ் ஒரே வரியில் முடிப்பது எவ்வளவு பொய்யோ, அந்த ஐந்து சந்தேகங்களும் அவ்வளவு பொய்.

இப்படித் துப்பறிகிறவர்கள், துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டியையே விட்டுவைக்கவில்லை. 1926இல் தாயை இழந்தார். அதே ஆண்டு கணவர் விவாகரத்துக் கேட்டார். டிசம்பரில் 11 நாள் காணாமல் போனார். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில் அவருடைய கையுறையை வாங்கி ஆவியுலகக்காரர் ஒருவரிடம் கொடுத்துக் குறி கேட்டார். இன்னொரு துப்பறியும் எழுத்தாளர் டோரதி சேயர்ஸ், கிறிஸ்டி விட்டுப்போன கார் கிடந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். உயிரோடு கிடைத்த பிறகோ, விளம்பரத்துக்காக ஆடிய நாடகம் என்று பேசினார்கள். மனம் உடைந்த ஒரு பெண் எல்லோருக்கும் புதிராகிப் போனார். தன் சுயசரிதையில் அந்த நாட்களைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

"கேள்வி கேட்க எழுத்தாளனுக்கு உரிமை இல்லையா?" இருக்கிறது. உண்மையான சந்தேகம் என்றால் காவல் நிலையத்துக்குப் போங்கள். "விழிப்புணர்வுக்காகத்தானே?" என்கிறார்கள். அப்படியானால் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசக்கூடிய, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ ஒரு வரி போட்டிருக்கலாமே! இறந்த விதத்தை அல்லவா விவரித்திருக்கிறார்? அப்படி எழுதுவது ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கும் இன்னொருவரையும் அந்த முடிவுக்குத் தள்ளிவிடக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் 2000இலேயே ஊடகங்களை எச்சரித்திருக்கிறது. பொறாமையில் பேசுகிறேன் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதிவின் கீழே வாசகர்கள் எழுதிய நூற்றுக்கணக்கான யூகங்களுக்கு நடுவில் பையனின் அக்காவும் எழுதியிருக்கிறார்: "தயவுசெய்து விட்டுவிடுங்கள்." அதற்கு ஒருவர், "நீங்கள் ஏன் பதறுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அது இப்போது ஆறாவது சந்தேகம்.

அண்ணா, உங்கள் எழுத்தைப் படித்துத்தான் நான் எழுத வந்தேன். அந்தப் பதிவை நீக்குங்கள். இன்றே நீக்குங்கள்.