பதின்மூன்று என்கிறோம், உள்ளே இருப்பதை அறிவோமா?

திருகோணமலையில் எந்தத் தேர்தல் மேடை போடப்பட்டாலும் "பதின்மூன்று" என்ற சொல், அதாவது மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம், ஒலிக்காமல் கூட்டம் கலைவதில்லை. பதின்மூன்றை முழுமையாக நடைமுறைப்படுத்து என்று ஒருவர் முழங்குவார், அது தமிழருக்குத் தீர்வே அல்ல என்று அடுத்தவர் மறுப்பார், இரண்டு பேச்சுக்கும் கைதட்டல் விழும். கைதட்டியவர்களிடம் அந்தத் திருத்தத்தில் என்னதான் இருக்கிறது என்று விசாரித்தால் "காணி அதிகாரம், பொலிஸ் அதிகாரம்" என்ற விடை உடனே வரும். அதற்கு மேல் பெரும்பாலும் எதுவும் வருவதில்லை. மாகாண அமைச்சொன்றின் கருமபீடத்தில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற வகையில், இந்த அறியாமைக்கு எங்கள் மக்கள் நாள்தோறும் எவ்வளவு விலை கொடுக்கிறார்கள் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு தாயை இன்றும் மறக்க முடியவில்லை. மகளை நகரத்திலுள்ள பெரிய பாடசாலையொன்றில் சேர்ப்பதற்கான மேன்முறையீட்டுக் கடிதத்தைப் பொலித்தீன் உறைக்குள் மடித்துக் கொண்டுவந்திருந்தார். முதலில் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போயிருக்கிறார், அங்கிருந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், அங்கிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தார். அந்தப் பாடசாலையோ தேசிய பாடசாலை. அது மத்திய கல்வி அமைச்சின் கீழ் இயங்குவது, எங்கள் அமைச்சால் ஒன்றும் செய்ய முடியாது என்று விளக்கினோம். "கவர்மெண்ட் என்றால் எல்லாம் ஒன்றுதானே ஐயா?" என்று கேட்டார். பஸ்ஸுக்குப் போன காசையும் வீணான கூலி நாளையும் நினைத்தால் அந்தக் கேள்வி இன்னும் என்னைச் சுடுகிறது.

எல்லாம் ஒன்றல்ல என்று 1987 நவம்பர் 14 ஆம் திகதியே அரசியலமைப்பு சொல்லிவிட்டது. பதின்மூன்றாவது திருத்தத்தில் மூன்று நிரல்கள் உள்ளன. மாகாண சபைக்குரிய விடயங்கள் ஒன்றில், மத்திய அரசு தனக்கென ஒதுக்கிக்கொண்டவை இன்னொன்றில், இரண்டுக்கும் பொதுவானவை மூன்றாவதில். மாவட்டச் செயலகமும் பிரதேச செயலகமும் கொழும்பின் கரங்கள். பிரதேச சபையை மேற்பார்வை செய்வது மாகாணம். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, அதற்குக் கீழ்ப்பட்ட மாகாண வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. வீட்டு வாசலில் குழி விழுந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதையே அந்த நிரல்கள் தீர்மானிக்கின்றன. இதை யாரும் எங்களுக்குப் பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

பிழையாகப் பதிந்துபோன செய்திகளும் உண்டு. வடக்கையும் கிழக்கையும் இணைத்தது பதின்மூன்றாவது திருத்தம் என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். அருகருகேயுள்ள இரண்டு அல்லது மூன்று மாகாணங்கள் ஒரே நிர்வாக அலகாக இயங்குவதற்குப் பாராளுமன்றம் சட்டத்தால் ஏற்பாடு செய்யலாம் என்று மட்டுமே 154அ உறுப்புரை கூறுகிறது. இணைப்பு நடந்தது மாகாண சபைகள் சட்டத்தின் கீழ் 1988 இல் ஜனாதிபதி வெளியிட்ட பிரகடனத்தால். அந்தப் பிரகடனத்துக்கு வழிவிட்ட சட்ட மாற்றத்தை அவசரகால ஒழுங்குவிதி மூலம் செய்தது செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2007 தொடக்கத்தில் மாகாணங்கள் பிரிந்தன. திருத்தம் அப்படியே நிற்க, இணைப்பு மட்டும் விழுந்தது எப்படி என்பது இந்த வேறுபாட்டை அறிந்தவர்களுக்கே புரியும். இணைந்த மாகாணத்தின் தலைநகராக இருந்தது எங்கள் ஊர். எங்களுக்காவது இது தெரிந்திருக்க வேண்டாமா?

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கீழேயே மாகாணம் நடந்துவருகிறது. உட்துறைமுக வீதியில் வாகனங்கள் வழமைபோல வந்து போகின்றன, அலுவலகங்கள் திறக்கின்றன, சம்பளம் கிடைக்கிறது. ஆகவே எதையும் இழந்ததாக மக்கள் உணரவில்லை. இழந்தது பெரியது. மாகாண நிரலிலுள்ள விடயமொன்றைத் தொடும் சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபையின் கருத்துக்கும் அனுப்பிய பின்னரே பாராளுமன்றத்தில் எடுக்கலாம் என்பது 154எ உறுப்புரையின் ஏற்பாடு. 2012 இல் வாழ்வாதார மேம்பாட்டுக்கான திவிநெகும சட்டமூலத்தை அந்த ஏற்பாட்டை வைத்தே உயர் நீதிமன்றம் நிறுத்தி, சபைகளுக்கு அனுப்பச் சொன்னது. இன்று அப்படியொரு சட்டமூலம் வந்தால் கிழக்கின் சார்பில் கருத்துச் சொல்லத் தெரிவு செய்யப்பட்ட ஒருவரும் இல்லை.

இதைவிடவும் என்னை வருத்துவது பதினாறாவது திருத்தத்தின் நிலை. அதன் எண்ணைக்கூட மேடையில் யாரும் உச்சரிப்பதில்லை. 1988 டிசம்பர் 17 ஆம் திகதி நிறைவேறிய அந்தத் திருத்தம், வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அரச நிறுவனங்கள் பதிவேடுகளைப் பேணவும் கருமங்களை ஆற்றவும் பயன்படுத்த வேண்டிய நிர்வாக மொழி தமிழ் என்று 22 ஆம் உறுப்புரையில் எழுதிவைத்தது. இங்கு வாழும் சிங்கள மக்கள் தங்கள் மொழியில் அரசுடன் தொடர்புகொள்ளும் உரிமையும், ஏனைய மாகாணங்களில் வாழும் தமிழ் பேசும் மக்கள் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையும் அதே உறுப்புரையில்தான் இருக்கின்றன. சேருவில சிங்கள விவசாயிக்கும் மூதூர் முஸ்லிம் மீனவருக்கும் சமமாகப் பயன்படும் ஏற்பாடு இது.

நடைமுறை எப்படி இருக்கிறது? எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் விபத்தொன்றின் பின் பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார். முடிவில் அரைகுறைத் தமிழில் நான்கு வரியாகச் சுருக்கிச் சொல்லிவிட்டு, பக்கத்தின் அடியில் பேனாவை வைத்து "இங்க சைன்" என்றாராம். தம்பி ஒப்பமிட்டார். மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை, வழக்குக்காகச் சட்டத்தரணி அந்தக் கூற்றை வாசித்துக் காட்டிய பின்னரே அறிந்தார். வலம் இடமாகியிருந்தது. அந்த உத்தியோகத்தர் கெட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. தமிழில் எழுதத் தெரியாதவரை அந்த மேசையில் அமர்த்தியது அமைப்பின் குறை. ஆயினும் "எனக்குத் தமிழில் எழுதித் தாருங்கள், அரசியலமைப்பு அப்படித்தான் சொல்கிறது" என்று கேட்கலாம் என்பதே அந்தத் தம்பிக்குத் தெரியாது. பிற்பாடு நான் சொன்னபோது, "அப்படி ஒரு சட்டம் இருக்கா அண்ணே? சும்மா சொல்லாதீங்க" என்றார்.

இருக்கிறது. அது மீறப்பட்டால் போவதற்கு இடமும் இருக்கிறது. 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு அனுப்பலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே உள்ளது. அடிப்படை உரிமைகளைப் போலவே மொழி உரிமை மீறலுக்காகவும் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தை ஒரு மாதத்துக்குள் நாடலாம். அந்த ஒரு மாதம் என்ற எல்லையை அறியாமலே உரிமையைக் கைநழுவ விட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

மற்றத் திருத்தங்களில் சில எங்கள் மாவட்டத்தின் வரலாற்றையே திருப்பியவை. 1982 டிசம்பரில் விளக்கா (ஆம்) குடமா (இல்லை) என்று கேட்டு நடத்திய சர்வசன வாக்கெடுப்பின் பின், பொதுத் தேர்தலே இல்லாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டியது நான்காவது திருத்தம். இந்த நாட்டில் இதுவரை நடந்த ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பு அதுதான். 1983 ஓகஸ்டில், கறுப்பு யூலையின் புகை அடங்குமுன் வந்த ஆறாவது திருத்தம் தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்து, அதை ஆதரிப்பதில்லை என்ற சத்தியத்தையும் கட்டாயமாக்கியது. அதற்கு இணங்காது பாராளுமன்றத்துக்குச் செல்லாதிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள், 1977 இல் திருகோணமலையில் தெரிவான இரா. சம்பந்தன் உட்பட. தமிழ் மக்களின் பெரும் பகுதிக்கு அந்த ஆண்டுகளில் பாராளுமன்றத்தில் குரல் இல்லாமல் போனதற்குக் காரணமான திருத்தத்தின் எண்ணை இளையவர்களிடம் கேட்டால் விழிக்கிறார்கள். பதினைந்தாவதோ நல்ல காரணத்துக்காக நினைவில் நிற்க வேண்டியது. ஆசனப் பங்கீட்டில் சேர்வதற்கு மாவட்ட வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு தேவை என்றிருந்ததை இருபதில் ஒரு பங்காகக் குறைத்தது அதுவே. முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் வலியுறுத்திப் பெற்றது என்று கிழக்கில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. கொழும்பு போன்ற பெரிய மாவட்டங்களில் சிறிய கட்சிகளும் தலைகாட்ட முடிவது இதனால்தான்.

எண்களே குழப்பம் தருகின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாவது திருத்தம் என்று ஒன்று நிறைவேறவே இல்லை. 2022 ஒக்டோபரில் இருபத்திரண்டாவது என்ற பெயரில் விவாதிக்கப்பட்ட சட்டமூலம் சட்டமானபோது இருபத்தோராவது ஆனது. ஜனாதிபதி எத்தனை தடவை போட்டியிடலாம் என்பதை 2010 இல் பதினெட்டு ஒருவிதமாகவும் 2015 இல் பத்தொன்பது வேறுவிதமாகவும் எழுதின. அதிகாரத்தைப் பத்தொன்பது குறைத்தது, 2020 இல் இருபது கூட்டியது. இந்த மூன்றுக்கும் மாறி மாறிக் கை உயர்த்திய உறுப்பினர்கள் உண்டு. நேற்று எதற்கு ஆதரவளித்தீர்கள், இன்று ஏன் மாறினீர்கள் என்று தொகுதிக்கு வந்தபோது நாங்கள் கேட்டிருந்தால் அவர்களுக்கு அந்தத் துணிவு வந்திருக்காது. உள்ளடக்கம் தெரியாமல் எப்படிக் கேட்பது?

பத்தொன்பது தந்தவற்றில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒன்றை எல்லோரும் கையிலெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. தகவல் அறியும் உரிமையை 14அ உறுப்புரையாக அடிப்படை உரிமைகளுக்குள் சேர்த்தது அந்தத் திருத்தம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிமுறை வகுத்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக இருந்தால் பதிவு செய்யப்படாத அமைப்புக்கூட விண்ணப்பிக்கலாம் என்று உறுப்புரையிலேயே இருக்கிறது. குச்சவெளியிலோ கிண்ணியாவிலோ உள்ள கடற்றொழிலாளர் சங்கமொன்று, தங்கள் இறங்குதுறைக்கு ஒதுக்கிய பணம் எங்கே போனது என்று எழுத்தில் கேட்கலாம், தகவல் அலுவலர் பதில் தந்தே ஆக வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. எங்கள் அமைச்சுக்கு வந்த அத்தகைய கடிதம் ஒன்று மேசைக்கு மேசை நகர்ந்த வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். நூறு மகஜர்கள் செய்யாததை அந்த ஒரு தாள் செய்தது.

மக்கள் அக்கறையற்றவர்கள் என்று சிலர் இலகுவாகத் தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குடியுரிமைக் கல்வி சாதாரண தரத்தில் விரும்பினால் எடுக்கும் பாடம், பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தொடுவதே இல்லை. அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதி பாராளுமன்ற இணையதளத்தில் கிடைக்கிறது, ஆனால் அதன் வாக்கியங்களைச் சட்டத்தரணிகளே இரண்டு முறை வாசித்துத்தான் பொருள் கொள்கிறார்கள். பதினெட்டாவது திருத்தம் அவசர சட்டமூலமாகச் சில நாட்களுக்குள் அடித்து முடிக்கப்பட்டது, மூதூரிலுள்ளவர் பத்திரிகையில் வாசிக்குமுன் அது சட்டமாகிவிட்டது. எங்கள் தமிழ்க் கட்சிகளோ முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதின்மூன்றைப் பற்றியே பேசிவிட்டு, மக்கள் நாளைக்கே பயன்படுத்தக்கூடிய பதினாறைக் கற்பிக்க ஒரு துண்டுப்பிரசுரமாவது அச்சிட்டதாக நான் காணவில்லை. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்று 80 ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே சட்டமூலம் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) சேர்ந்த பின் கிடைக்கும் அந்தச் சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போனால் உண்டு, இல்லையேல் இல்லை. எந்தப் பிரசையும் போகலாம், சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு பெரும்பான்மை போதுமா, மக்களிடம் வாக்கெடுப்பும் வேண்டுமா என்று முடிவு செய்யப்படுவதும் அந்தக் கட்டத்திலேயே. புதிய அரசியலமைப்பு வரும் என்று ஆட்சியில் இருப்பவர்கள் வாக்குறுதி அளித்திருக்கிறார்கள். 2016 இல் கருத்தறியும் குழு மாவட்டந்தோறும் வந்தது போல மறுபடியும் வந்தால், "எங்களுக்குத் தீர்வு வேண்டும்" என்பதோடு நிறுத்தாமல், இன்ன உறுப்புரை இங்கே நடக்கவில்லை, இன்ன அலுவலகத்தில் நடக்கவில்லை என்று திகதியோடு சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரிலிருந்து போக வேண்டும்.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் 14அ உறுப்புரையையும் 22 ஆம் உறுப்புரையையும் இலகு தமிழில் வாசித்து விளக்க நேரம் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தகவல் கோரும் விண்ணப்பப் படிவங்களையும் நிழற்பிரதி எடுத்துக்கொண்டு போகிறேன். மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கமுள்ள சங்கங்கள் அழைத்தால் அங்கும் வருகிறேன். சிங்களத்தில் இதையே விளக்கக்கூடிய நண்பர் ஒருவர் சேருவிலவுக்கு வரச் சம்மதித்திருக்கிறார். உட்பெட்டியில் எழுதுங்கள்.